மாமியாரைக் குறைக்கச் சொன்ன கல்யாண மண்டபம்

கல்யாணப் பெண்ணின் அம்மா திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு பூகூட விழவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம், சாயங்கால வரவேற்பு. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு எல்.இ.டி. திரை, அதன் தலையில் ஒரு சின்னக் கேமரா. எதிரே தரையில் பச்சை டேப் ஒட்டி ஒரு சதுரம், சதுரத்துக்குப் பின்னால் அலங்காரத்துக்காக ஒரு மெரூன் திரைச்சீலை. சதுரத்தில் நின்றால் திரையில் நீங்கள் தெரிவீர்கள். கையை ஆட்டினால் கையைச் சுற்றிப் பூ பூக்கும். தலையை ஆட்டினால் தலையில் பூக்கும். எந்தப் பூ, எங்கே, எத்தனை என்பதையெல்லாம் முடிவுசெய்தது நான் எழுதிய நிரல். கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்தான் நிரல். எங்கள் பக்கம் கோடிங் என்று சொன்னால்தான் புரியும்.

அந்த அம்மாள் பெயர் அஞ்சலை. காணைப் பக்கத்துக் கிராமம். நடவு, கரும்பு வெட்டு என்று கூலி வேலைக்குப் போய் ஒரே மகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தவர். சதுரத்தில் கூச்சத்தோடு நின்று, பஸ்ஸை நிறுத்துவதுபோல வலது கையை மட்டும் தூக்கினார். ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கினார். அப்போதும் இல்லை.

என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வரலியேம்மா. நானு அதுல தெரியலையா?"

திரையில் அவர் பளிச்சென்று தெரிந்தார். என் நிரலுக்குத்தான் அவர் அங்கே நிற்பதே தெரியவில்லை.

வரிசையில் அடுத்து நின்றது மாப்பிள்ளையின் அம்மா. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். அவர் திறந்தபிறகு எனக்கு நேரம் இருக்காது.

செத்தவர் பார்த்த பார்வை

திண்டிவனத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் நான் டிசைனர். மஞ்சள் நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பின்னணியில் ஒரே மேகத்தைத்தான் வைப்பேன். காலையில் அந்த மேகத்தில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து நடக்கும். மத்தியானம் அதே மேகத்தில் யாராவது இறைவனடி சேர்ந்திருப்பார். இதுவரை இரண்டு தரப்பிலிருந்தும் புகார் வந்ததில்லை.

ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ ஒரு ஊரில், ஒரு பெரிய சுவருக்கு முன்னால் ஒரு பெண் கை தூக்குகிறாள். சுவரில் நீந்திக்கொண்டிருந்த மீன்கள் எல்லாம் அவள் கையிடம் வருகின்றன. அந்த மீன்களைக் கூப்பிட எனக்கும் தெரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முப்பத்தைந்தைத் தாண்டி, இரண்டு பேருக்கு டிபன் கட்டிவிட்டு வேலைக்கு ஓடும் ஒருத்திக்கு இது ஏன் தோன்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்து ஆரம்பித்தேன். முதல் பாடம் வட்டம். வட்டம் வந்துவிட்டது. அதை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. கணினித் திரையில் பூஜ்யம் மேல் மூலையில் இருக்கிறது. கீழே போகப்போக எண் கூடுகிறது. அதாவது மேலே போக வேண்டுமானால் கழிக்க வேண்டும். இது எனக்கு உறைக்கவே இல்லை. நான் கூட்டக்கூட வட்டம் இறங்கிக்கொண்டே போய்க் காணாமல் போனது. கொஞ்ச நாள் எனக்கும் வட்டத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

அடுத்தது, மௌஸ் போகும் பக்கம் பார்க்கும் கண்கள். பழகுவதற்கு ஒரு முகம் வேண்டும். கடைக் கணினியில் அன்று திறந்திருந்தது ஒரு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பெரியவர், நல்ல மீசை. அவர் கண்மணிகளை மட்டும் வெட்டியெடுத்து நிரலில் பொருத்தினேன். மௌஸை இடப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் பார்த்தார். மேலே நகர்த்தினால் மேலே பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பேனர் வாங்க அவர் மகன் உள்ளே வந்தார்.

பதற்றத்தில் மௌஸை வாசல் பக்கம் தள்ளிவிட்டேன். அப்பாவும் வாசலைப் பார்த்தார். மகன் அப்படியே நின்றார். மேசைக்கு வந்தார். அப்பா கூடவே பார்த்துக்கொண்டு வந்தார், ஏனென்றால் நான் படத்தை மூடப் போய் மௌஸை இழுத்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி முகம் வெளிறிப்போனது.

"மன்னிச்சிடுங்க சார்," என்று ஆரம்பித்தேன்.

"இருங்க," என்றார் அவர். குனிந்து திரையைப் பார்த்தார். "எங்கப்பா உசுரோட இருந்தப்போகூட என்னிய இப்படித் திரும்பிப் பாத்ததில்லைங்க. இத பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க."

என் கலைக்கு வந்த முதல் பாராட்டு அது.

கணக்கியலில் தேர்ச்சி

இணையப் பாடம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்தேன். அங்கே டைப்பிங், கணக்குப் பதிவு, கொஞ்சம் கோடிங் சொல்லித்தருவார்கள்.

"கோடிங்ல படம் வரையணும் சார்," என்றேன்.

மாஸ்டர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "படம் வரைய பெயிண்ட் இருக்குதேம்மா? எதுக்கு இவ்ளோ சுத்தி வர்றீங்க?"

"அது அசையணும் சார். ஆளு வந்தா அதுக்குத் தெரியணும்."

"ஆளு வந்தா தெரியறதுக்கு காலிங் பெல் வையுங்க."

நல்ல மனிதர்தான். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்த முடியாது, ஆனால் ஓரமாக ஒரு கணினியில் உட்கார்ந்து நானே எதையாவது செய்துகொள்ளலாம் என்றார். சந்தேகம் கேட்டால் அவரும் கூடவே உட்கார்ந்து குழம்புவார். கடைசியில் சான்றிதழ் தரும்போதுதான் சிக்கல் வந்தது. நான் படித்ததற்கு அவரிடம் சான்றிதழ் இல்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார். அதன்படி நான் கணினிக் கணக்கியலில் முதல் வகுப்பு. இன்றுவரை பற்று எது வரவு எது என்று எனக்குத் தெரியாது.

அதே சென்டரில்தான் சாதிக் பாயைப் பார்த்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் ரொம்ப வருஷம் லைட் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே விசேஷங்களுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். திரையைக் கணினியோடு இணைப்பது எப்படி என்று கற்க வந்திருந்தார்.

என் திரையில் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அங்க ஒரு பெரிய கடையில தரையில கால் வெச்சா தண்ணி அலை வரும்மா. தண்ணியே கெடையாது, எல்லாம் லைட்டு. கீழ ஒயர் இழுத்தது நானு. அந்த அலைய யாரு எழுதினாங்கன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே வந்துட்டேன். நீ எழுதுவியா?"

"எழுதிப் பாக்கறேன் பாய்."

"ஜல்தியா எழுது. ஒரு கல்யாணம் புடிச்சிருக்கேன்."

ஒரு எண்ணுக்குப் பெயர் வைத்தேன்

நிரலின் வேலை எளிமையானது. கேமரா அனுப்பும் படத்தை, அதற்கு ஒரு நொடித் துணுக்குக்கு முன் வந்த படத்தோடு ஒப்பிடும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே ஏதோ அசைந்திருக்கிறது. அந்த இடத்தில் பூவைப் போடும்.

ஆனால் கேமராவின் கண்ணில் சும்மாவே கொஞ்சம் பொறி பறக்கும். அதற்கெல்லாம் பூ போட்டால் தாங்காது. அதனால் ஓர் எல்லை எண் வைக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் அசைவு என்று ஒப்புக்கொள்வது. இப்படிப்பட்ட எண்களுக்கு நாமே பெயர் சூட்டிக்கொள்ளலாம். நான் வைத்த பெயர் மாமியார். எங்கள் வீட்டு அனுபவத்தில், ஒரு வேலை நடந்ததா இல்லையா என்பது அவர் ஒப்புக்கொண்டால்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் 'மாமியார்' என்றே தட்டி வைத்தேன். அசைவு மாமியாரைவிடப் பெரிதாக இருந்தால் பூ. யார் பார்க்கப்போகிறார்கள்?

ராசிப் பெட்டி

மறுபடி மண்டபத்துக்கு.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி முதல் ஆளாகச் சதுரத்தில் நின்றார். திண்டிவனத்தில் ஜவுளிக்கடைக் குடும்பம். உடம்பு முழுக்க ஜரிகை, முழங்கை வரை வளையல். மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த கலர் விளக்கெல்லாம் ஜரிகையில் பட்டு மின்னியது. ஒவ்வொரு மின்னலும் என் நிரலுக்கு ஓர் அசைவு. அவர் கையைத் தூக்கவே இல்லை, அதற்குள் பூ கொட்டித் தீர்த்துவிட்டது.

"பாத்தீங்களா! எங்க குடும்பத்துக்கே ராசிங்க!" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ராசியைப் பார்த்துப் பூ போடும் பெட்டி என்று பந்தி வரை செய்தி போய்விட்டது. வரிசை வாசலைத் தாண்டியது. பரீட்சை எழுதியவர்கள், வீடு கட்ட ஆரம்பித்தவர்கள், வரன் தேடுபவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவர் எதிர்த்த கடையிலிருந்து வந்திருந்தார், கல்யாணத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. போட்டோகிராபரும் இங்கேயே வந்துவிட்டார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாழ்த்த ஆளில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜேஸ்வரி அம்மாள் மறுபடி மறுபடி வந்தார். ஒவ்வொரு தடவையும் அடைமழை.

அப்புறம்தான் அஞ்சலை அம்மாள் வந்தார். மகள் எடுத்துக் கொடுத்த மெரூன் புடவை, ஜரிகை இல்லாதது. பின்னால் அதே மெரூனில் திரைச்சீலை. கையை எவ்வளவு தூக்கினாலும் மெரூனுக்கு முன்னால் மெரூன் அசைவதை என் நிரலால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதே மெரூனில் முழங்கை வரை ரவிக்கை, கருத்த கை, மங்கலான வெளிச்சம். எல்லாம் மாமியாருக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"எனக்கு வரலியேம்மா. நானு அதுல தெரியலையா?"

நான் பதில் தேடுவதற்குள் ராஜேஸ்வரி அம்மாள் சொல்லிவிட்டார்: "மிஷினுக்கு இன்னாங்க தெரியும்? அவங்கவங்க ராசிதான்."

பெண்ணின் தாய்மாமன் பந்தியிலிருந்து அப்படியே எழுந்து வந்தார். கையில் சாப்பாடு காயவில்லை.

"இன்னாது ராசி? யாரு பெரிய எடம், யாரு கூலிக்காரன்னு மிஷினுக்குச் சொல்லிக் குடுத்துத்தான் இட்டாந்தீங்களா? ஊர்ல எல்லாந்தான் ஆளப் பாத்துப் பேசுது, இதுவுமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் என்னைக் குத்தியது. யாரைப் பார்ப்பது, யாரை விடுவது என்று நான் அதற்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அது ஆளைப் பார்த்துத்தான் பூ போட்டிருந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லு! தீபா, எறங்கும்மா கீழ!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். பெண் வீட்டார் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

மாமியார் விவகாரம்

சாதிக் பாய் வேர்த்துக் கொட்ட ஓடிவந்தார். "பேஜாரு ஆய்டுச்சும்மா. ஏதாச்சும் பண்ணு!"

லேப்டாப்பில் நிரலைத் திறந்தேன். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். லேப்டாப்பில் என்ன தெரிகிறதோ அதுதான் பெரிய திரையிலும் தெரியும்.

பூக்கள் மறைந்தன. மண்டபத்துக்கு முன்னால் ஆள் உயரத்தில் என் நிரல் நின்றது. முன்வரிசையில் ஒருவர் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "அசைவு... பெரிசு... மாமியார்..."

எழுந்தவர்களும் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

"யாரு மாமியார்?" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். "எதுக்கு என்னிய அதுல எழுதி வெச்சிருக்கீங்க?"

"அது நீங்க இல்லைங்கம்மா. அது ஒரு நம்பரு."

"எனக்கு நம்பரு வேற குடுத்துட்டியா?"

"என்னாதாம்மா பண்ணணும்?" என்று பாய் காதில் கேட்டார்.

"மாமியாரைக் கொறைச்சா எல்லாருக்கும் பூ வரும் பாய்," என்று மெதுவாகச் சொன்னேன்.

பாய் தாய்மாமனைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் அதையே உரக்கச் சொன்னார்: "ஒண்ணும் இல்லைங்க! மாமியாரக் கொறைச்சா எல்லாம் செரியாய்டும்!"

மண்டபமே, "கொறைங்க! கொறைங்க!" என்று கத்தியது. அதில் ஓங்கியிருந்தது மாப்பிள்ளை வீட்டு மருமகள்களின் குரல்தான்.

குறைத்தேன். ரொம்பக் குறைத்துவிட்டேன். நிரலை ஓடவிட்டதும் பூ எல்லார் மேலும் கொட்டியது. அஞ்சலை அம்மாள் மேலும் கொட்டியது. ஆனால் திரைச்சீலை மேலும் அதே அளவு கொட்டியது. வெறும் சுவர் மேல் கொட்டியது. எல்லாவற்றையும்விட அதிகம் கொட்டியது, திரைச்சீலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மேல்.

"ஃபேனுக்குப் போடறதப் போயி எங்க அக்காவுக்குப் போடறியா?" என்றார் தாய்மாமன்.

மாலையோடு இறங்கி வந்தவள்

அப்போது மேடையிலிருந்து பெண் இறங்கி வந்தாள். மாமன் கூப்பிட்டதற்காக வருகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக என் லேப்டாப்புக்கு வந்தாள். தீபா படித்தது கணினி அறிவியல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். மாமியார் வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்பரு பிரச்சன இல்ல. நீங்க ஆடறவங்களுக்குப் பூ போடறீங்க."

"ஆமாம்மா. அப்பதானே நல்லா இருக்கும்?"

"எங்கம்மா காலையிலேர்ந்து ஒரே எடத்துல நின்னுக்கினு இருக்குது. நகந்தா யாராச்சும் எதுனா சொல்லுவாங்கன்னு பயந்துக்கினு. அதுக்கு எப்ப பூ வரும்?"

மருதாணிக் கையால் முதலில் மாமியாரைப் பழைய இடத்துக்கே ஏற்றினாள். ராஜேஸ்வரி அம்மாள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு பெரிது என்ற குறியை அழித்துவிட்டுச் சிறிது என்ற குறியைப் போட்டாள். ஒரே ஒரு எழுத்து. அசைகிற இடத்தில் பூ கிடையாது, அசையாத இடத்தில்தான் பூ.

"அம்மா, அங்கியே நில்லு. ஒண்ணும் பண்ணாத," என்றாள்.

அஞ்சலை அம்மாளுக்கு அது கைவந்த கலை. பயத்தில் அப்படியே நின்றார். காலடியில் பூக்க ஆரம்பித்து, புடவை முழுக்க ஏறி, தோள், கழுத்து, தலை என்று மூடியது. கண் சிமிட்டிய இடத்தில் மட்டும் இரண்டு சின்ன ஓட்டை. அதன் வழியாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ராஜேஸ்வரி அம்மாள் பழக்கதோஷத்தில் சதுரத்துக்குள் நுழைந்து வளையலைக் குலுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் வேகமாகக் குலுக்கினார். சுற்றிலும் பூந்தோட்டம், நடுவில் அவர் மட்டும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தார்.

"அத்தே, ஆடாம நில்லுங்க," என்றாள் தீபா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாய், அந்தக் கலர் லைட்ட நிறுத்துங்க. திரைச்சீலையையும் வெலக்கிடுங்க. எல்லாருக்கும் வரட்டும்."

பாய் விளக்கோட்டத்தை நிறுத்தினார். திரைச்சீலையை இழுத்தார். அதற்குப் பின்னால் மொத்த மண்டபமும் இருந்தது, கேமராவின் கண்ணில்.

முதலில் முன்வரிசை நின்றது. அவர்கள் மேல் பூ வருவதைப் பார்த்துப் பின்வரிசை நின்றது. மின்விசிறிகள் மட்டும் வெற்று வட்டங்களாகத் தெரிந்ததால் யாரோ அவற்றையும் நிறுத்தினார்கள். வண்டி எடுக்கப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாளியோடு வந்தவர், ஊரே சிலையாக நிற்பதைப் பார்த்து, விஷயம் தெரியாமலே அவரும் நின்றுவிட்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களை அசையாதீங்க என்று கத்திய போட்டோகிராபர், கேமராவைத் தூக்கிய கையோடு அசையாமல் நின்றார். மேடையில் மாப்பிள்ளை எதையோ சொல்லத் திறந்த வாயை மூடாமல் இருந்தார். நாடகம் பார்க்கும் கூட்டம் மாதிரிகூட இல்லை. அங்கேயாவது யாராவது இருமுவார்கள்.

திரையில் மண்டபம் நிரம்பிக்கொண்டு வந்தது. ஜரிகை எது, நூல் புடவை எது என்று தெரியவில்லை. வேர்த்து ஒழுகினாலும் யாரும் துடைக்கவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் அரைவாசி மிஞ்சிவிட்டது என்று சமையல்காரர் மட்டும் கோபப்பட்டார். சாதிக் பாய்க்கு அதற்குப் பின் நிறைய இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாரும் கேட்டது அந்த அசையாத மிஷினைத்தான்.

ஆனால் அந்த நிமிஷத்தில் நான் சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சம்பந்திகள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே பூக்குவியலாக மூடப்பட்டு, விறைத்து நின்றார்கள். ராஜேஸ்வரி அம்மாள் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது.

"சம்பந்தி, மூச்சு வுடலாமா?"

அஞ்சலை அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"வுடுங்க," என்றார். "மெதுவா வுடுங்க. நானும் வுடறேன்."